சீர் தெரிந்த பெண்கள்

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு நாமக்கல் பக்கத்துக் காற்று பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உப்பு இல்லை, ஈரமும் இல்லை. துவைத்துப் போட்ட துணி கண்ணெதிரிலேயே மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயலும் தென்னையும் குளமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டில் மணக்கும். இங்கே ரயில் கரூரை விட்டுக் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் பூமி விரிந்துகொள்கிறது. சோளக்காடு, நிலக்கடலை, குச்சிக்கிழங்கு, வரப்போரத்தில் பனைகள், கிழக்கே நீலமாகக் கொல்லிமலை. நடுநடுவே நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். சேலம் - கரூர் ரயில் பாதை 2013ல்தான் பயணிகளுக்குத் திறந்தது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாமக்கல் என்றால் லாரி, நாமக்கல் என்றால் முட்டை, அவ்வளவுதான்.

நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் தம்பிக்குக் கல்யாணம். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மண்பாதையில் நடந்தால் அவர்கள் தோட்டம் வரும். ஊருக்குள் வீடு இல்லை. கொங்கு வேளாளர் குடும்பங்கள் பலவும் அவரவர் காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றன. பங்காளிகள் நான்கைந்து குடும்பம் சேர்ந்திருந்தால் அது ஒரு வளவு. அடுத்த வளவுக்குப் போக இரண்டு மூன்று காடு தாண்ட வேண்டும். இந்தப் பக்கத்துப் பெண்களின் மரியாதைக்கு இந்தத் தூரமே முதல் காரணம் என்று நினைக்கிறேன். தெருவில் போகிறவர் வருகிறவரிடம் வாசலில் நின்றபடி ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போகிற வாழ்க்கை இல்லை இது. ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் என்றால் அதற்கென்றே வெயிலில் நடந்து வந்திருக்கிறார். அந்த நடைக்கு உரிய மரியாதை வாசலிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நாய் குரைத்ததும் தோழியின் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க கண்ணு, வாங்க, வாங்க.”

என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்குத் தனியாக ஒரு “வாங்க தம்பி.” அவன் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் பால் ஊற்றப் போகிறான். ஆனாலும் அவனுக்கு உரிய ‘வாங்க’வை அவனுக்குத் தந்தாக வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பத்துப் பேருக்கும் தனித்தனியாக, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். எல்லோரையும் சேர்த்துப் பொதுவாக ஒரு ‘வாங்க’ சொன்னால் அது கணக்கில் வராது. பிறகு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பேர் வந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்த அம்மா ஒருவரையும் விடவில்லை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்களிடம்கூடக் குனிந்து “வாங்க, எப்ப வந்தீங்க, பாக்கவே இல்லைங்களே” என்று கேட்டுக்கொண்டே போனார். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை’ என்பது இந்தச் சமவெளியில் இரண்டு குடும்பங்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கப் போதுமான காரணம்.

வாசலைத் தாண்டினால் ஆசாரம். வெளியாட்களை உட்காரவைக்கும் முன்கூடத்துக்கு அதுதான் பெயர். உட்கார்ந்ததும் சொம்பில் தண்ணீர் வந்தது. வலக்கையில் சொம்பு, இடக்கை வலது முழங்கையைத் தொட்டபடி. நான் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைக்கும்வரை ஒரு கேள்வியும் இல்லை. அதற்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. அப்பா அம்மா நல்லா இருக்கறாங்ளா, அக்காவுக்குக் குழந்தை நடக்குதுங்களா, அங்க மழை எப்படிங்க, அம்மாவுக்கு அந்த முழங்கால் வலி பரவாயில்லைங்களா. என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விடுதிக் காலத்தில் தோழி எப்போதோ வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அதை இந்த அம்மா மனசில் வைத்திருந்தார். இங்குள்ள பெண்கள் உறவை இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள்: யார் வீட்டில் யாருக்கு என்ன என்று அவ்வளவையும் தலைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டு ஆண்களுக்கு நிலக்கடலை விலை தெரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். யாருக்கு எப்போது எந்த முறை செய்ய வேண்டும் என்று கேட்டால் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்கள்.

பேச்சு எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் ஊரில் அன்பு அதிகமாக அதிகமாக மரியாதை குறையும். நெருங்கியவர்களை ‘மக்கா’ என்போம், ‘ஏட்டி’ என்போம், சண்டை போடுவது மாதிரிதான் பாசமாகவும் பேசுவோம். இங்கே இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. தவழ்கிற பேரனைப் பார்த்து ஒரு பாட்டி “வாங்க சாமி, வாங்க தங்கம், எங்க போறீங்க?” என்று கேட்கிறார். மருமகளை “அம்மிணி, காப்பி குடிச்சீங்களா?” என்கிறார் மாமியார். வயதான பெண்கள் கணவர் பேரை வாயில் எடுப்பதில்லை. ‘ஏனுங்க’ என்ற ஒரே விளிப்பில் ஐம்பது வருஷக் குடித்தனம் நடந்திருக்கிறது.

சண்டையும் அதே மொழியில்தான். ஒரு மத்தியானம் வேலியோரத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் வீட்டு ஆடு மற்றவர் சோளத்தில் வாய் வைத்துவிட்டது.

“ஏனுங்க்கா, அடுத்தவங்க வெள்ளாமையில வாய வெக்கற ஆட்டை அவுத்து உட்டுட்டு ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தா என்னங்க நாயம்?”

“தப்புத்தானுங்க. போன மாசம் உங்க எருமை எங்க தட்டுப்போரைக் கலைச்சுதே, அப்ப நாங்க ஒரு வார்த்தை கேட்டமுங்களா?”

குரல் ஏறிக்கொண்டே போனது, கை நீண்டது, கண் சிவந்தது. வார்த்தையில் ‘ங்க’ மட்டும் ஒரு இடத்திலும் உதிரவில்லை. எனக்கு அதைக் கேட்கக் கேட்க வியப்பு. பேச்சில் மரியாதை இருக்கும்வரை சமாதானத்துக்கு வழி அடைபடாது என்பதை இரண்டு பேரும் அறிந்திருந்தார்கள். சாயங்காலம் அந்த ஆட்டுக்காரப் பெண் கல்யாண வீட்டுக்கு மாவாட்ட வந்து உட்கார்ந்தார். சோளக்காட்டுக்காரரும் அங்கேதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

முடியாது என்ற சொல்லை இவர்கள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. கடன் கேட்டு வந்தவர், பெண் கேட்டு வந்தவர், பொருந்தாத நாளில் ஊருக்குக் கூப்பிட்டவர், எல்லோருக்கும் ஒரே பதில்: “பாக்கலாமுங்க.” அதன் அர்த்தம் கேட்டவருக்குத் தெரியும். இன்னொரு முறை அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அடுத்த நோம்பிக்கு இருவரும் கோயில் வாசலில் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். ஒரு மனிதரை வெறுங்கையோடு அனுப்பினாலும் அவமானத்தோடு அனுப்பக் கூடாது என்பதற்காக எத்தனை தலைமுறைப் பெண்கள் யோசித்து இந்த வழியைக் கண்டிருப்பார்கள்!

ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்த வீட்டில் அடுப்பு அணையாது. முதல் நாள் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், பக்கத்தில் தயிர். மறுநாள் காலை சந்தகையும் தேங்காய்ப் பாலும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த கச்சாயத்தை வாழையிலையில் பரப்பி ஆறவைத்திருந்தார்கள். ஒப்பிட்டு தட்டிக்கொண்டிருந்த அத்தை ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பருப்புப் பூரணத்தை மாவுக்குள் மூடும்போது விளிம்பு மட்டும் தடித்துவிடாமல் கட்டைவிரலால் எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினார். எண்ணெய் தொட்ட இலைமேல் மாவு வட்டமாக ஓடியது. பரிமாறும்போது ‘போதுமா’ என்று கேட்கும் வழக்கம் கிடையாது. “இன்னொரு வாய் போட்டுக்குங்க” என்றுதான் கேட்பார்கள். இலையின்மேல் கையை விரித்துக் குனிந்து மறைத்தாலொழியத் தப்ப முடியாது. வீட்டுப் பெண்கள் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பில் காய் தீர்ந்திருந்தது. அதுவும் மரியாதையின் ஒரு பகுதிதான் என்று சொன்னார்கள். எனக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை.

கல்யாணச் சீர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெண்களைப் பற்றிச் சொல்ல முடியாது. கொங்கு வேளாளர் கல்யாணத்தை மரபுப்படி நடத்திவைப்பவர் அருமைக்காரர். அவர் புரோகிதர் அல்ல. அந்தச் சமூகத்துப் பெரியவர், மனைவியோடு சேர்ந்து அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டு அந்தத் தகுதியைப் பெற்றவர். பெண்கள் பக்கத்தில் அருமைக்காரி உண்டு. மந்திரங்களின் இடத்தில் மங்கல வாழ்த்து பாடப்படுகிறது. குடிமகன் என்று அழைக்கப்படும் நாவிதர் அதைப் பாடுகிறார். கம்பர் இயற்றியது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சம்பந்தம் பேசி முடிந்ததும் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். உப்புச்சர்க்கரை மாற்றுதல் என்றே அந்தச் சீருக்குப் பெயர். முளைப்பாலிகை, நிறைநாழி, நாட்டுக்கல் வழிபாடு, செஞ்சோறு அஞ்சடை சுற்றுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்கள் வரும். எந்தச் சீருக்கு யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், தட்டை யார் தொட வேண்டும், எந்த உறவுக்கு எவ்வளவு வெற்றிலை என்பதெல்லாம் பெண்களின் கணக்கு. அருமைக்காரரே இரண்டு முறை நிறுத்திப் பெண்கள் பக்கம் பார்த்துக் கேட்டதைக் கவனித்தேன்.

எல்லாவற்றிலும் என்னை அசைத்தது இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்துக்கொண்டு அவனருகில் உட்காருகிறாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலை உடன்பிறந்த இருவரையும் இணைக்கிறது. வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள். அதனால் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள இடம் போய்விடாது என்று ஊர் முன்னிலையில் அவளுக்குச் சொல்லும் சீர் இது. நாளை இருவரின் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் செய்துகொள்ளும் உரிமையும் அந்தக் காலத்தில் இதோடு சேர்ந்திருந்தது. விடுதியில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கணக்குப் பாடத்தில் எல்லோரையும் மிஞ்சியவள், பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், தலைநிறையப் பூவும் பட்டுமாகத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கி அழுதாள். தம்பியும் அழுதான். பக்கத்திலிருந்த கிழவி ஒருவர், “அழுகட்டும் உடுங்க, அழுதாத்தான் சீரு நெறையும்” என்றார்.

அண்ணன் தங்கை உறவு இந்த நாட்டின் பெரிய கதையிலேயே இருக்கிறது. பொன்னர் சங்கர் கதையை அண்ணன்மார் கதை என்பார்கள். அதில் இறந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் போகிறவள் தங்கை. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையைப் பாடுவோரிடமிருந்து ஒலிநாடாவில் பதிவுசெய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972ல் வந்தது. கல்யாணப் பந்தலில் இணைச்சீரைப் பார்த்த பிறகுதான், ஒரு வீரக் கதையின் நடுவில் தங்கைக்கு ஏன் அத்தனை இடம் என்று எனக்கு விளங்கியது.

கல்யாணத்துக்கு மறுநாள் திருச்செங்கோட்டு மலைக்குப் போனோம். படியேறிப் போனால் மேலே அர்த்தநாரீசுவரர், ஒரே உடம்பில் பாதி ஆண், பாதி பெண். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010ல் வெளிவந்த நாவல்; குழந்தையில்லாத ஒரு தம்பதியை ஊர் படுத்தும் பாட்டை இந்த மலையையும் இதன் தேர்த்திருவிழாவையும் சுற்றி எழுதியது. மலை இறங்கும்போது தோழி, ஒப்பிட்டு தட்டக் கற்றுக்கொடுத்த அத்தையைப் பற்றிச் சொன்னாள். அவருக்குக் குழந்தை இல்லை. மூன்று நாளும் அவரை நான் சமையல்கட்டில் மட்டுமே பார்த்திருந்தேன். மண்டபத்திலும் அடுப்படிப் பக்கம்தான் இருந்தார். யாரும் அவரை ‘வராதீங்க’ என்று சொல்லவில்லை. ‘நீங்க இருந்தாத்தானுங்க சமையலுக்குத் தெம்பு’ என்று இனிமையாகச் சொல்லி அங்கேயே நிறுத்திவைத்திருந்தார்கள்.

அதைக் கேட்டபின் என் பார்வை மாறிவிட்டது. தோழியின் ஆயாவை நினைத்துக்கொண்டேன். அப்பாவைப் பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சேலை. கணவர் இறந்த நாளிலிருந்து இந்த நிறம்தான். பந்தலுக்குள் அவர் வரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு சீருக்கும் முன்னால் ஒரு பெண் ஓடிவந்து அவர் காதருகில் குனிந்து கேட்டாள். “ஆயா, அடுத்தது என்னங்க?” “நாழியில நெல்லு கோபுரமா இருக்கோணும். சின்னவளை எடுக்கச் சொல்லு, மூத்தவ தொடக்கூடாது.” சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணம் முழுவதையும் அந்த நாற்காலியிலிருந்துதான் நடத்தினார். நாழியைத் தொடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

பெண்ணுக்கு மேலும் ஒரு படி இருக்கிறது. எழுதிங்கள் சீர் என்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் முன்னின்று செய்யும் சீர். அதைச் செய்துகொண்டவர்களுக்கே மற்றவர் வீட்டு மங்கல காரியங்களில் முன்னால் நிற்கும் தகுதி வரும். பார்க்கப்போனால் அது பெண்களுக்குப் பெண்கள் கொடுக்கும் பட்டம்தான். அதிகாரமும் நிஜம். அந்தப் பட்டத்தைக் கணவனின் மூச்சோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பதும் நிஜம். ஆயா அந்தச் சீரைச் செய்துகொண்டவர். எத்தனையோ பெண்களுக்குச் செய்தும் வைத்தவர்.

இந்த மரியாதைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதைத் தோட்டத்தின் பின்பக்கத்தில் பார்த்தேன். மாட்டுச் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெரியவருக்கு அறுபது வயதாவது இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அவரைப் பேர் சொல்லி, ‘வாடா’ என்றான். அவருடைய டம்ளர் தனியாகக் கட்டுத்தரைச் சந்தில் செருகியிருந்தது. தவழும் குழந்தைக்குக் கிடைக்கிற ‘ங்க’ அறுபது வயது மனிதருக்குக் கிடைக்கவில்லை. இத்தனை நயமான நாக்கு சாதியின் கோட்டைத் தாண்டியதும் எப்படி இவ்வளவு கரகரப்பாகிறது? அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பெரிய பண்ணை வீட்டுச் சீமாட்டிகளின் உபசாரமும் இன்சொல்லும் இன்றுவரை அங்கே பெருமையாகப் பேசப்படுகின்றன. அவர்கள் விருந்து மேசைக்கு வந்த அத்தனையும் 1865 வரை அடிமைகளின் கைகளால் வந்தது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எளிதாகக் கோபம் வந்தது. இங்கே, நான் உண்ட வீட்டில், கோபத்தோடு துக்கமும் வந்தது. தோழியிடம் கேட்டேன். “இப்ப இருக்கற பசங்க யாரும் இந்த வேலைக்கு வாரதில்லை. தறிக்குப் போறாங்க, லாரிக்குப் போறாங்க. அவங்களை யாரும் வாடான்னு கூப்பிட முடியாது” என்றாள். மாற்றம் இந்த வீடுகளின் நல்ல மனசால் வரவில்லை. அந்த இளைஞர்கள் வேறு வேலை தேடிப்போனதால் வந்திருக்கிறது.

பெண் குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்த பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசிடம் ஒப்படையுங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது; 1997ல்தான் தனி மாவட்டமானது. இந்தச் சமவெளியில் உடன்பிறந்தவளுக்காக இணைச்சீரில் ஊரே கண்ணீர் விடுகிறது. அவள் பெயரில் ஆயுள் முழுவதும் செய்ய வேண்டிய சீர்களின் செலவை எண்ணி, அவள் பிறந்ததற்கும் இங்கே கண்ணீர் விட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் நடந்திருக்க முடியும் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்த எல்லைகளைத் தாண்டிய பெண்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில்தான் குமாரமங்கலம். அந்த ஊர் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். அவர் மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காக உழைத்த குட்மல் ரங்கராவின் மகள். சாதியும் மொழியும் வேறான வீட்டிலிருந்து இந்தச் சமவெளிக்கு மருமகளாக வந்தார். 1930ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்கள் சார்பில் அமர்ந்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் பேகம் ஷா நவாஸ். பெண்களுக்குச் சட்டசபையில் தனி இடங்கள் வேண்டும் என்று வாதாடினார். 1938ல் மத்திய மேல்சபைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவர்தான். அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கோவையிலிருந்து மக்களவைக்குப் போனார். பெரிய வீட்டுப் பெண் என்றால் ஆசாரத்தோடு நிற்க வேண்டும் என்பதை அந்தத் தாயும் மகளும் ஏற்கவில்லை. அவர்களைப் பற்றித் தோழியின் வீட்டில் யாருக்கும் அதிகம் தெரிந்திருக்கவில்லை. ஜெனரல் குமாரமங்கலத்தைத் தெரிந்திருந்தது. ராணுவத் தளபதியாக இருந்தவர், ராதாபாயின் மகன்.

நான் கிளம்புகிற அன்று காலை சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ‘போறேன்’ என்று சொல்லிவிடக் கூடாது, ‘போயிட்டு வாரனுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று தோழி எனக்கு முன்பே பழக்கியிருந்தாள். அவள் அம்மா என் வீட்டுக்குக் கச்சாயம் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் வீட்டில் என்று கேட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணி வைத்து, அக்கா குழந்தைக்குத் தனியாக ஒரு பொட்டலம். அப்போதுதான் தோழி பேச்சை எடுத்தாள். அவளுக்கு வரும் தை மாதம் எழுதிங்கள் சீர் செய்வதாகப் பேசி வைத்திருந்தார்கள்.

“அம்மா, அந்தச் சீருல முதல்ல ஆயா என்னைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணோணும். பந்தலுக்குள்ள. ஆயா வரலீன்னா எனக்கு அந்தச் சீரு வேண்டாம்.”

அம்மாவின் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலத்தின் நூலை இறுக்கிக்கொண்டே, “பாக்கலாம் சாமி” என்றார்.

“பாக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா? அது ஊர்க்காரங்களுக்குச் சொல்றது. எனக்குச் செய்யலாம், இல்லாட்டி முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“உங்கப்பாகிட்ட கேக்கோணும். அருமைக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கோணும்.”

“கேளுங்க. நானும் கூட வாரேன். இன்னைக்கே போலாம்.”

அம்மா பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, மகளைப் பார்த்து, சேலை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்.